இரவில் வந்தவர்

மலேசியத் தமிழ் இலக்கியச் சூழலில் நீங்கள் மார்க்ஸைப் பற்றிப் பேசலாம். புத்தரைப் பற்றிப் பேசினால் மரியாதை கூடும். சூஃபிகளைப் பற்றிப் பேசினால் இன்னொரு தே தாரிக் வாங்கித் தருவார்கள். ஏசுவைப் பற்றி வாயெடுத்தால் மட்டும் மேசையில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடும். 'என்னண்ணே, அல்லேலூயா கோஷ்டில சேந்துட்டீங்களா?' கேட்பவர் நல்ல வாசகராகத்தான் இருப்பார். தஸ்தயேவ்ஸ்கியைக் கரைத்துக் குடித்தவராகவும் இருப்பார். தஸ்தயேவ்ஸ்கி யாரை மனதில் வைத்துக்கொண்டு அத்தனை பக்கங்கள் எழுதினார் என்று திருப்பிக் கேட்டால், அது வேற, இது வேற என்பார்.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாட்டு மக்கள்தொகையில் ஏழு விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கிற சமூகம் நாம். தோட்டம் துண்டாடப்பட்டு, லயன் வீடு போய், சில இடங்களில் கோயிலும் இடிபட்டு, நகரத்து மலிவுவிலை அடுக்குமாடிகளில் வந்து ஒண்டியவர்கள். கையில் மிஞ்சியது மொழியும் சாமியும்தான். அந்த அடுக்குமாடிக்கு எதிரேயே கடைவீட்டு மாடியில் ஒரு சபை திறந்து, அங்கே ஒலிபெருக்கியில் ஒருவர் மாரியம்மனைப் பிசாசு என்று சொன்னால் கேட்பவனுக்கு எப்படி இருக்கும்? சாமிப் படங்களைக் கருப்புப் பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடவைத்த போதகர்களை எனக்கும் தெரியும். அவர்கள்மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்றைக்கும் குறையவில்லை. குறைந்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்றால் எழுதவே முடியாது.

ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. சொல்கிறவன் கத்துகிறான் என்பதற்காகச் சொல்லப்படுவதைக் கேட்காமலே தள்ளிவிடலாமா? இது நான் கண்டுபிடித்த கேள்வி இல்லை. ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட ஒருவர் பைபிளிலேயே இருக்கிறார்.

எனக்கு அவரை அறிமுகம் செய்தது சித்தி. அம்மாவின் கடைசித் தங்கை, கிள்ளானில் இருந்தவர், குடும்பத்தில் 'மாறிப்போன' ஒரே ஆள். முனை மடிந்து, நடுநடுவே எண்ணெய்க்கறை படிந்த தமிழ் வேதாகமம் ஒன்றை என்னிடம் கொடுத்து, 'நீதான் கண்டதையும் படிக்கிறியே, இதையும் படி' என்றார். நான் மொழிக்காகத்தான் படிக்க ஆரம்பித்தேன். வெள்ளைப்போளம், இராத்தல், பரிசேயன் என்று வேறு எங்கும் கிடைக்காத சொற்கள். நம்மூரில் ரிங்கிட்டை வெள்ளி என்போம் இல்லையா, யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளி என்னவோ புக்கிட் திங்கி பக்கம் நடந்த விவகாரம் மாதிரியே எனக்குக் கேட்டது. சித்தியிடம் சொன்னேன். 'அதுக்கும் கம்மியா வாங்கிட்டு வித்தவன்லாம் நம்ம குடும்பத்துலயே இருக்கான்' என்றார்.

நான் சொல்லவந்தவர் நிக்கோதேமு. நான்கு சுவிசேஷங்களில் யோவான் மட்டுமே அவரைப் பற்றிச் சொல்கிறது, அதுவும் மூன்றே இடங்களில். அவர் பரிசேயர், யூத ஆலோசனைச் சங்கத்துப் பெரிய மனிதர். இன்றைய கணக்கில் கோயில் நிர்வாகக் குழுவில் இருப்பவர், சங்கத் தலைவர், பேர் சொன்னால் ஊருக்குத் தெரிகிறவர். அவர் ஏசுவைப் பார்க்க இரவில் வருகிறார். ஏன் இரவில் என்று யோவான் விளக்குவதில்லை. விளக்க வேண்டியதும் இல்லை. ஏசு அவரிடம் மறுபடியும் பிறக்க வேண்டும் என்கிறார். வயதான மனுஷன் திரும்பத் தாய் வயிற்றுக்குள் போக முடியுமா என்று இவர் கேட்கிறார். எழுபிறப்பும் தெரிந்த நமக்கு இந்த இடம் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். மறுபடி பிறப்பதை நிறுத்துவது எப்படி என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

அந்த உரையாடல் எப்படி முடிந்தது என்பது எழுதப்படவில்லை. நிக்கோதேமு ஒப்புக்கொண்டாரா, எழுந்து போய்விட்டாரா, தெரியாது. பேச்சு நீள்கிறது, அவர் மட்டும் பக்கத்திலிருந்து காணாமல் போகிறார். கார்க் கண்ணாடியிலும் சுவரிலும் டி-சட்டையிலும் எண் போட்டு எழுதுகிறார்களே, யோவான் 3:16, அது இந்த அத்தியாயத்தில்தான் இருக்கிறது. இன்று ஒலிபெருக்கியில் கேட்கிற அந்த வசனம் முதலில் வருவது, இரவில் தனியாகத் தேடிவந்த ஒரு மனிதனின் கதைக்குள்.

இரண்டாவது இடம் ஏழாம் அத்தியாயம். ஏசுவைப் பிடித்துவரப் போன காவலர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். தலைவர்களுக்குக் கோபம். நம்மில் யாராவது அவனை நம்பியிருக்கிறோமா என்று கேட்கிறார்கள். இரவில் போய்வந்த ஆள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுந்து நான் நம்புகிறேன் என்று சொல்லவில்லை. ஒரு மனிதனை விசாரிக்காமல், அவன் செய்தது என்னவென்று அறியாமல் தீர்ப்புச் சொல்ல நம் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று மட்டும் கேட்கிறார். வெறும் நடைமுறைக் கேள்வி. கூட்டக்குறிப்பில் ஒரு வரி. அதற்கே, நீயும் அவன் ஊர்க்காரனா என்று பாய்கிறார்கள்.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் எந்தப் பக்கம் என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது.

கூட்டம் எப்படி வேலை செய்கிறது என்று ரெனே ஜிரார் வாழ்நாள் முழுக்க யோசித்தார். 1923இல் பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்து 2015இல் இறந்தவர். இலக்கிய விமர்சகர் என்பதால் நம் மேசைக்கு அவரைக் கூட்டிவரத் தடையில்லை. 1961இல் வந்த அவருடைய முதல் நூல் செர்வாண்டிஸ், ஸ்டெந்தால், ஃப்ளாபெர், ப்ரூஸ்ட், தஸ்தயேவ்ஸ்கி நாவல்களைப் பற்றியது. அந்த நாவல்களுக்குள் உழன்றுகொண்டிருந்த காலத்தில்தான் அவர் தான் விட்டுப்போன கத்தோலிக்கத்துக்குத் திரும்பினார். போதகர் யாரும் துண்டுப்பிரசுரம் கொடுத்து மாற்றவில்லை. நாவல் படித்து மாறிய ஆள்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி. ஒரு சமூகத்துக்குள் பகை முற்றும்போது எல்லோரும் சேர்ந்து ஒருவன்மேல் பழியைப் போட்டுக் கொல்கிறார்கள். கொன்றதும் அமைதி வருகிறது. அமைதி வந்ததாலேயே கொன்றது சரி என்று ஆகிவிடுகிறது. புராணங்கள் கல்லெறிந்தவர்கள் சொன்ன கதைகள், ஆகவே அவற்றில் செத்தவன் எப்போதும் குற்றவாளி. தீப்ஸ் நகரத்துக் கொள்ளைநோய்க்கு ஈடிபஸ் ஒருவன்தான் காரணம் என்பதுபோல. சுவிசேஷத்திலும் அதே கூட்டம், அதே பொய்க்குற்றச்சாட்டு, அதே கொலை. ஆனால் கதை சொல்கிறவர்கள் செத்தவன் பக்கத்தில் நின்று, இவன் குற்றமற்றவன், ஊரே சேர்ந்து தவறு செய்தது என்கிறார்கள்.

பேதுரு மறுதலிக்கும் இடத்தை ஜிரார் படிப்பது தனி அழகு. பிரதான ஆசாரியரின் முற்றத்தில் குளிருக்கு நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். பேதுருவும் போய்க் குளிர்காய்கிறார். நீயும் அவன்கூட இருந்தவன்தானே என்று வேலைக்காரப் பெண் கேட்கிறாள். பேச்சு வழக்கே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. தெரியவே தெரியாது என்று சத்தியம் செய்கிறார். பேதுருவுக்கு நம்பிக்கை போய்விடவில்லை. அந்த நெருப்பைச் சுற்றி ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எங்கள் தே தாரிக் மேசையும் அப்படி ஒரு நெருப்புதான் என்று எனக்குச் சில நாள் தோன்றும்.

கிறிஸ்தவர்கள் இதைப் படித்துத் திருந்தினார்களா என்றால், இல்லை. ஜிரார் 1982இல் எழுதிய பலியாடு பற்றிய நூல் தொடங்குவதே 14ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கவிஞர் ஒருவரின் எழுத்தோடுதான். ஆறுகளில் யூதர்கள் விஷம் கலந்தார்கள், அதனால் அவர்கள் கொல்லப்பட்டார்கள் என்று அந்தக் கவிஞர் நம்பி எழுதிவைத்திருக்கிறார். கொன்றவர்கள் சிலுவையைக் கும்பிட்டவர்கள். ஏசு சாவுக்கு அன்றைய யூதர்கள் அனைவர்மீதும், இன்றைய யூதர்கள்மீதும் பழிசுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை சங்கம் கூடி அறிவிக்க 1965 வரை ஆனது. கூட்டம் தவறு செய்யும் என்று சொன்ன புத்தகத்தையே கையில் வைத்துக்கொண்டு கூட்டமாகப் போய்க் கொன்றிருக்கிறார்கள். ஆகவே கூட்டம் என்று நான் சொல்லும்போது எதிர்ப்பக்கத்தை மட்டும் சொல்லவில்லை.

ஜிராரோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. அவர் மதுரைவீரனைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? எங்கள் தாத்தா வேலை செய்த தோட்டத்தில் முதலில் நட்ட கல் மதுரைவீரன்தான். திருமலை நாயக்கர் ஆணையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவர். கள்ளன் என்று தவறாகப் பிடித்தார்கள் என்றுதான் கதைப்பாடல் சொல்கிறது. கழுவேற்றப்பட்ட காத்தவராயனும் நமக்குச் சாமி. ஆக, அதிகாரம் அநியாயமாகக் கொன்ற ஒருவனைச் சாமியாக்கி, அவன் பக்கம் நின்று கதை சொல்வது நமக்குப் புதிதே இல்லை. சுவிசேஷம் மட்டும்தான் அப்படிச் சொல்லியது என்று ஜிரார் சொல்லும்போது, தோட்டத்து முனையில் சுருட்டும் சாராயமும் வைத்துக் கும்பிட்டவர்களை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மதுரைவீரனை நான் இப்படிப் பார்க்க ஆரம்பித்ததே யோவானைப் படித்த பிறகுதான். அதற்கு முன்னால் அவர் மீசையும் அரிவாளும்தான்.

இனி சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் படிப்பெல்லாம் சித்தப்பாவிடம்தான் மாட்டிக்கொண்டது.

சித்தப்பா லாரி ஓட்டியவர். பிள்ளைகள் இரண்டும் ஆரம்பப்பள்ளியில் இருந்தபோது இன்னொரு பெண்ணோடு ஜொகூருக்குப் போய்விட்டார். பதினொரு வருடம் ஒரு காசு அனுப்பவில்லை. சித்தி விடிகாலையில் நாசி லெமாக் கட்டி விற்று, பகலில் பள்ளிக்கூடம் கூட்டி, பிள்ளைகளை ஆளாக்கினார். தாலியைக் கழற்றி அடகுக்கடையில் வைத்தவர் மீட்கவே இல்லை. சபைக்குப் போக ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். 'புருஷனும் போனான், சாமியும் போச்சு' என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் சித்தப்பா திரும்பி வந்தார். சர்க்கரை முற்றி, ஒரு கால் விரல்கள் போய், சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து. கூட இருந்த பெண் விட்டுப் போயிருந்தாள். சித்தி அவரை வீட்டுக்குள் விடவில்லை. அதே அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் மாதம் இருநூற்றைம்பது வெள்ளிக்கு ஓர் அறை எடுத்துக் கொடுத்தார். உப்பில்லாமல் சமைத்துத் தூக்குச்சட்டியில் வைத்து வாசலில் வைப்பார். திங்கள், புதன், வெள்ளி காலையில் டயாலிசிஸ் மையத்துக்குக் கூட்டிப்போவார். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். ஆறு வருடம் இது நடந்தது.

குடும்பம் கொதித்தது. மாமாக்கள் ரோஷங்கெட்டவள் என்றார்கள். சொந்த மகனே ஒரு வருடம் பேசவில்லை. எல்லோரும் பழியைத் தூக்கிச் சபைமேல் போட்டார்கள். நான் ஒருநாள் கேட்டேன். 'பாஸ்டர் சொல்லித்தான் செய்றீங்களா சித்தி?'

'பாஸ்டரா? அவர் வேணாம்னுதான் சொன்னாரு. ஜெபம் பண்ணுங்க சிஸ்டர், போதும்னாரு.'

'அப்புறம் ஏன்?'

'பகையாளிக்குப் பசியெடுத்தா என்ன பண்ணணும்னு அதுல எழுதியிருக்கு. பிடிக்கலைன்னா அந்தப் பக்கத்தக் கிழிச்சிடணும். எனக்குக் கிழிக்க மனசு வரலை.'

இதை எங்கள் வாசகர் குழுவில் ஒரு தோழியிடம் சொன்னேன். பெண்ணியம் ஆழமாகப் படித்தவர், நான் மதிக்கிறவர். 'அண்ணே, இது கிறிஸ்தவம் இல்ல. நளாயினி கதை. புருஷனக் கூடையில வச்சித் தூக்கிட்டுப் போனாளே, அதேதான். கூடைக்குப் பதிலா காடி. ஆம்பளைக்கு ஒண்ணுன்னா ஒரு பொம்பள வந்து நிக்கணும், மதம் எதுவா இருந்தாலும்' என்றார். சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய பேச்சு இல்லை. சித்தி படுத்திருந்து சித்தப்பா நன்றாக இருந்திருந்தால் அவர் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா? மாட்டார். பொறுத்துப்போ, ஜெபம் பண்ணு என்று அடிவாங்குகிற பெண்களை வீட்டுக்கே திருப்பி அனுப்புகிற சபைகள் இருக்கின்றன.

ஆனால் நளாயினிக்கு அவர் கணவன். அதனால் தூக்கினாள். சித்திக்கு அவர் பகையாளி. அந்தச் சொல்லை அவர் கடைசிவரை விடவே இல்லை. மனம் திருந்திவிட்டார், பழசை மறந்துவிட்டேன், என்ன இருந்தாலும் பிள்ளைகளின் அப்பா என்றெல்லாம் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் செய்தது துரோகம், அவர் எனக்குப் பகை, இன்றைக்கு அவருக்கு டயாலிசிஸ். மூன்றையும் ஒன்றாக வைத்திருந்தார். கற்பில் இதற்கு இடமில்லை. நம் ரோஷத்திலும் இடமில்லை. மன்னிப்பு என்றால் நடந்ததை மறைத்து மெழுகுவது என்று நான் நினைத்திருந்த இடத்தில், இது வேறு ஒன்றாக இருந்தது. இதை உண்மை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. தோழி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்படியென்றால் ஏன் நீ மாறவில்லை என்று கேட்கலாம். சித்தியின் பாஸ்டர் பார்க்கும்போதெல்லாம் கேட்பார், 'பிரதர், ஞானஸ்நானம் எப்ப?' அம்மாவும் கேட்பார், வேறு பயத்தில். தமிழில் அப்படி ஓர் அடி எடுத்துவைத்தவர்களில் எழுத்தாளர்கள் அறிய வேண்டியவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. திருநெல்வேலிப் பக்கம் 1827இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பன்யனின் கதையைத் தழுவி அவர் எழுதிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் நூலாக வந்தது. கிறித்தவக் கம்பர் என்று பட்டம் கொடுத்து, அதோடு நாம் அவரைப் படிக்காமல் வைத்துவிட்டோம். புதுப் பெயர் சூட்டிய பிறகும் அவர் கிருஷ்ணனை விடவில்லை. பிள்ளையையும் விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகிற நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டால், இன்னும் மூன்றாம் அத்தியாயத்து இரவில்தான். அங்கே நிற்பது எனக்கு அவமானமாகவும் இல்லை.

2023இல் ஒரு காலையில் நாசி லெமாக் கட்டிக்கொண்டிருக்கும்போதே சித்தி மாரடைப்பில் போய்விட்டார். சபை அடக்கம் செய்ய வேண்டும் என்று மகளிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். மாமாக்கள் வாய்க்கரிசி போட வேண்டும் என்றார்கள், முடியாது என்றதும் அடுக்குமாடிக்குக் கீழே கூடாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பாட்டு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று. நான் மாடிப்படி ஏறினேன். பெரிய மாமா கேட்டார், 'ஏன்டா, நீயும் மாறிட்டியா?' எனக்குக் கோபமே வரவில்லை. கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடப் பழைய கேள்வி.

நிக்கோதேமு மூன்றாவது முறை வருவது சாவுக்குப் பிறகு. சீடர்கள் ஓடி ஒளிந்துவிட்டார்கள். அரிமத்தியா ஊர் யோசேப்பு உடலைக் கேட்டு வாங்குகிறார். நிக்கோதேமு வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து நூறு இராத்தல் கொண்டுவருகிறார். முப்பது கிலோவுக்கு மேல். ராஜாக்களுக்குச் செய்வது. அப்போதும் அவர் ஒன்றும் பேசவில்லை.

அம்மா ஜெபத்துக்கு வரவில்லை. ஆனால் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போய் மல்லிகை வாங்கி வந்திருந்தார். பெட்டிக்குள் கொள்ளாத அளவுக்கு. எவ்வளவு ஆச்சு என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. அந்தச் சபையில் பெண்கள் பூ வைப்பதில்லை. அம்மா யாரையும் கேட்காமல் தங்கையின் தலையைத் தூக்கிச் சரம் சரமாகச் சூட்டினார். பாஸ்டர் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு பைபிளில் எதையோ தேடுபவர்போலக் குனிந்துகொண்டார்.

சித்தப்பாவை யாரும் மேலே விடவில்லை. மின்தூக்கிப் பக்கத்தில் ஊன்றுகோலோடு நின்றிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை. மணி எட்டாகியிருந்தது. அவருக்கு முறை தவறியிருந்தது.

இப்போது திங்கட்கிழமை சபையிலிருந்து ஒருவர் கூட்டிப்போகிறார். வெள்ளிக்கிழமை அவரே வாடகைக் காடி பிடித்துப் போய்வருகிறார். புதன் என்னுடையது. வீட்டில் இதற்கும் சண்டை உண்டு. நான் அவரிடம் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அவரைப் பிடிக்கவும் பிடிக்காது. போன வாரம் ஏறி உட்கார்ந்ததும், 'ஏர்கோன் ரொம்பக் குளுருது, கொறச்சி வையி' என்றார். குறைத்தேன். இரண்டு விளக்குச் சந்திப்பு தாண்டியதும் மறுபடி ஆரம்பித்தார், இப்போது வேர்க்கிறதாம்.